மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற எக்ஸ்ரே நுட்பநரான நம் குடியிருப்புவாசி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைவர் ஐயா என்னை இருபது நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு தண்ணீர் லாரிக் கணக்கு இருக்கிறது. அது கதிர்வீச்சைவிடச் சூடான விஷயம் என்று எனக்கும் தெரியும். அதனால் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஏ பிளாக் தம்பி ஒருவர் ஆன்லைனில் கதிர்வீச்சு அளக்கும் மீட்டர் ஒன்றை வாங்கினார். அதைத் தன் வீட்டுச் சமையல் மேடையின் கிரானைட் மேல் வைத்தார். 0.22 என்று காட்டியது. மொட்டை மாடியில் வைத்தால் 0.14. இரண்டையும் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அன்று இரவு பன்னிரண்டு மணி வரை நம் குழு தூங்கவில்லை. கிரானைட்டைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் ஒட்ட எவ்வளவு ஆகும் என்று மறுநாள் காலையில் மூன்று பேர் விசாரித்தார்கள்.

அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. அளந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியதே நல்ல விஷயம். அவரே அந்த மீட்டரை என்னிடம் கொடுத்து, "ஐயா, நீங்கள் பாருங்கள்" என்றார். இதோ, மேசை மேல் இருக்கிறது.

ஆனால் அந்தப் பயத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. சி பிளாக்கில் ஒரு அம்மாவுக்கு டாக்டர் வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்திருந்தார். குழுவில் வந்ததையெல்லாம் படித்துவிட்டு, "கல்லிலேயே இவ்வளவு என்றால் ஸ்கேனில் எவ்வளவு இருக்கும்" என்று இரண்டு வாரம் போகாமல் இருந்துவிட்டார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். நான் இன்று பேச ஒத்துக்கொண்டதற்குக் காரணம் கிரானைட் இல்லை, இதுதான்.

சட்டையில் குத்திய உண்டியல்

நான் முப்பது வருடத்துக்கு மேல் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவன். அங்கே வேலை செய்பவர்கள் நெஞ்சில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பட்டை குத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டி.எல்.டி. பேட்ஜ் என்பது அதன் பெயர். உள்ளே சிறு வட்டத் தகடுகள் மூன்று இருக்கும். டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட்டில் செய்தவை. கதிர் பட்டால் அந்தச் சக்தியில் ஒரு பங்கு தகட்டுக்குள்ளேயே தங்கிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்புவோம். அங்கே தகட்டைச் சூடாக்குவார்கள். தங்கியிருந்த சக்தி வெளிச்சமாக வெளியே வரும். எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு கதிர்.

சுருக்கமாகச் சொன்னால் அது ஒரு உண்டியல். காசு எப்போது விழுந்தது, யார் போட்டார்கள் என்று சொல்லாது. திறந்தால் மொத்தம் தெரியும்.

எனக்கு இருபது, இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஒரு கடிதம் வந்தது. அந்த மூன்று மாதத்தில் என் பேட்ஜில் 12 மில்லிசீவர்ட் பதிவாகியிருக்கிறது, விளக்கம் தரவும் என்று. அதற்கு முன் எனக்கு வந்ததெல்லாம் பூஜ்யம், அல்லது பூஜ்யத்தை ஒட்டிய கணக்கு. கடிதத்தை வீட்டில் காட்டியபோது என் மனைவி அழுதுவிட்டார். எனக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அந்தக் காலாண்டில் தைப்பூசம் வந்தது. நத்தம் வழியாக வந்த சொந்தக்காரர்களோடு சேர்ந்து நான்கு நாள் பழநிக்கு நடந்தேன். கிளம்புகிற அவசரத்தில் கோட்டைக் கழற்றி எக்ஸ்ரே அறைக்குள் ஒரு கொக்கியில் மாட்டிவிட்டேன். பேட்ஜ் அதிலேயே இருந்தது. அந்தக் கொக்கி நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும் ஸ்டாண்டுக்கு நேர் பின்னால். ஒட்டன்சத்திரம் தாண்டி நான் நடந்துகொண்டிருந்தேன். என் பேட்ஜ் இங்கே எக்ஸ்ரே வாங்கிக்கொண்டிருந்தது.

விடுப்புப் பதிவேடும் கொக்கி இருந்த இடமும் என்னைக் காப்பாற்றின. தப்பு என்னுடையது. பேட்ஜைக் கதிர் இல்லாத இடத்தில்தான் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். அன்று கற்ற பாடத்தைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்தேன். கருவி பொய் சொல்லவில்லை, 12 என்பது உண்மைதான். ஆனால் அது பேட்ஜ் வாங்கியது, நான் வாங்கியது இல்லை. கருவி தான் இருக்கும் இடத்தைத்தான் அளக்கும். அந்த இடத்தில் நாம் எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதை நாம்தான் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

டோல்கேட்டும் எடை மேடையும்

இப்போது மேசை மேல் இருக்கும் மீட்டருக்கு வருவோம். இது உண்டியல் இல்லை. இதற்குள் இருப்பது கைகர்-முல்லர் குழாய். 1908-ல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டோடு வேலை செய்தபோது ஹான்ஸ் கைகர் இதன் முதல் வடிவத்தைச் செய்தார். 1928-ல் தன் மாணவர் முல்லரோடு சேர்ந்து இன்றுள்ள வடிவத்துக்குக் கொண்டுவந்தார். மூடிய குழாய், உள்ளே கொஞ்சம் வாயு, நடுவில் ஒரு கம்பி, சில நூறு வோல்ட் மின்னழுத்தம். கதிர் ஒன்று உள்ளே நுழைந்து வாயுவில் பட்டால் மின்சாரம் ஒரு நொடிப்பொழுது பாயும். டிக் என்று ஒரு சத்தம். அதை எண்ணுவதுதான் இதன் வேலை.

கொடைரோடு டோல்கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒருவர் நின்று வண்டிகளை மட்டும் எண்ணுகிறார். ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டி போனது என்று சரியாகச் சொல்வார். ஆனால் லாரியில் இருப்பது ஒட்டன்சத்திரம் தக்காளியா, இரும்புக் கம்பியா, காலி லாரியா என்று அவருக்குத் தெரியாது. கைகர் குழாயும் அப்படித்தான். எத்தனை கதிர் என்று எண்ணும். ஒவ்வொன்றின் சக்தி எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. திரையில் தெரியும் மைக்ரோசீவர்ட் கணக்கு, "எல்லாம் இந்த வகைக் கதிராகத்தான் இருக்கும்" என்று வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் சின்ன கணினி போட்ட கணக்கு.

சக்தியையும் அளக்க வேண்டுமானால் எடை மேடை வேண்டும். அதற்கு சிண்டிலேஷன் கருவி இருக்கிறது. தாலியம் சேர்த்த சோடியம் அயோடைடு படிகம் ஒன்று உள்ளே இருக்கும். கதிர் பட்டால் படிகத்தில் ஒரு மினுக்கல். மினுக்கலின் பிரகாசத்தை வைத்து சக்தியைக் கண்டுபிடிப்பார்கள். அது தெரிந்தால் வந்தது எந்தப் பொருளிலிருந்து, கோபால்டா சீசியமா என்றுகூடச் சொல்லிவிடலாம். விலை அதிகம், நம் கைக்கு வராது.

இன்னொன்று. கதிர்கள் வரிசையாக வருவதில்லை, மழைத்துளி மாதிரி கூட்டியும் குறைத்தும் விழும். ஒரு நிமிடத்தில் 20 வந்தால் அடுத்த நிமிடம் 15 வரலாம், 26-ம் வரலாம். ஒன்றும் மாறியிருக்காது. அதனால் சின்ன மீட்டரை ஒரு இடத்தில் குறைந்தது பத்து நிமிடம் வைத்து சராசரி பார்க்க வேண்டும். பத்து விநாடியில் படம் எடுத்துக் குழுவில் போடக் கூடாது.

கிரானைட் கணக்கு

சரி, பத்து நிமிடம் வைத்தே நான் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே அளவுதான் வந்தது. கல்லில் சிறிதளவு யுரேனியம், தோரியம், பொட்டாசியம் இயற்கையாகவே இருக்கிறது. நம் மலைக்கோட்டை இருக்கும் பாறையிலும் உண்டு, செங்கல்லிலும் உண்டு, நம் உடம்பிலும் பொட்டாசியம் உண்டு. மேலேயிருந்தும் வருகிறது. 1912-ல் விக்டர் ஹெஸ் பலூனில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஏறி அளந்து, உயரம் போகப் போகக் கதிர் கூடுவதைக் காட்டினார். கொடைக்கானலில் நம் ஊரைவிட வானத்துக் கதிர் அதிகம். மதுரையிலிருந்து விமானம் ஏறினால் இன்னும் அதிகம்.

இப்போது கணக்கு. மேடைக்கும் மாடிக்கும் வித்தியாசம் மணிக்கு 0.08 மைக்ரோசீவர்ட். ஒருவர் தினமும் மூன்று மணி நேரம் சமையல் மேடையை ஒட்டியே நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 0.08 பெருக்கல் 3 பெருக்கல் 365. வருடத்துக்கு ஏறக்குறைய 88 மைக்ரோசீவர்ட், அதாவது 0.09 மில்லிசீவர்ட். உலகத்தில் ஒரு மனிதர் இயற்கையாக வாங்குவது வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். நம் கிரானைட் சேர்ப்பது அதில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான்.

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலிலிருந்து அதைக் கண்டுபிடித்தார். அதிலிருக்கும் தோரியம்தான் காஸ் விளக்கு மேண்டிலுக்குப் போனது. கரண்ட் இல்லாத காலத்தில் கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கிவந்த பெட்ரோமாக்ஸ் ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கால மேண்டிலை இந்த மீட்டர் பக்கத்தில் வைத்தால் நம் கிரானைட்டைவிடச் சத்தமாகக் கத்தும். அதே மணல் இருக்கும் கேரளத்துக் கருநாகப்பள்ளிப் பகுதியில் சுமார் 70 ஆயிரம் பேரை பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2009-ல் வெளியானது. நம்மைவிடப் பல மடங்கு கதிரில் வாழ்ந்த அவர்களிடம், அந்தக் கதிரால் புற்றுநோய் கூடியதாக அந்த ஆய்வில் தெரியவில்லை.

அதனால் செயலாளர் சார், கிரானைட்டைப் பெயர்க்கும் யோசனையை மினிட்ஸிலிருந்து எடுத்துவிடலாம்.

இந்த மீட்டர் சொல்லாதவையும் உண்டு. செல்போன் டவரை இதை வைத்து அளக்க முடியாது. அந்த அலை வேறு வகை, அதற்கு வேறு கருவி. மைக்ரோவேவ் அடுப்பும் அப்படித்தான். கண் இமைக்கும் நேரத்தில் வந்து போகும் எக்ஸ்ரேயையும் இது சரியாகப் பிடிக்காது. "ஸ்கேன் சென்டர் வாசலில் வைத்தேன், ஒன்றும் காட்டவில்லை" என்றாலும் நம்பாதீர்கள், "ஏதோ காட்டியது" என்றாலும் நம்பாதீர்கள். அங்கே கேட்க வேண்டியது வேறு. எக்ஸ்ரே, சி.டி. வைத்திருப்பவர்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

பயப்பட வேண்டிய இடம்

அப்படியானால் பயமே வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் சரியான இடத்தில் வேண்டும்.

தில்லியில் மாயாபுரி என்று ஒரு காயலான் கடைச் சந்தை இருக்கிறது. தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1968-ல் வாங்கிய, கோபால்ட்-60 வைத்த ஒரு கருவி இருந்தது. 1985-க்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. 2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு அதுவும் ஏலத்தில் போனது. மாயாபுரியில் அதைப் பிரித்தார்கள். உள்ளே பளபளவென்று இருந்த உலோகத் துண்டுகள் கைமாறின. ஒருவர் ஒரு துண்டை பர்ஸில் வைத்துக்கொண்டார். சில வாரத்தில் அவர்களுக்குத் தோல் கருத்தது, முடி கொட்டியது, வாந்தி. மருத்துவமனையில் டாக்டர்களுக்குச் சந்தேகம் வந்து தகவல் சொன்ன பிறகுதான், ஏப்ரலில், நிபுணர்கள் மீட்டரோடு அந்தத் தெருவுக்கு வந்தார்கள். எட்டுப் பேர் பாதிக்கப்பட்டார்கள். கடையில் வேலை செய்த ஒருவர் இறந்துபோனார்.

யோசித்துப் பாருங்கள். நம் மேடையில் தேவையில்லாத இடத்தில் மீட்டர் இருந்தது. அங்கே, ஏலம் விட்ட நாளில், தேவையான இடத்தில் ஒரு மீட்டர் இல்லை. ஐந்து நிமிட வேலை, ஒரு உயிர்.

பிரேசிலில் கோயானியா என்ற நகரத்தில் 1987-ல் இதே கதை. கைவிட்ட மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து சிகிச்சைக் கருவியின் பாகத்தை எடுத்துப்போய்ப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளே சீசியம். நான்கு பேர் இறந்தார்கள். அங்கே உதவிக்கு வந்த ஒரு இயற்பியலாளர் கருவியை ஆன் செய்ததும் முள் கடைசிக் கோட்டுக்குப் போய் நின்றுவிட்டது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பிப்போய் வேறொன்று வாங்கி வந்தார். அதுவும் அப்படியே காட்டியபோதுதான், கருவி சரி, இடம்தான் சரியில்லை என்று புரிந்தது. கருவி பெரிதாகச் சொன்னால் நம்ப மறுப்பதும் மனித இயல்பு, சின்னதாகச் சொன்னால் பெரிதாக்குவதும் மனித இயல்பு.

இதில் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். பழைய இரும்பு உலைக்குப் போனால் எங்கே போய்ச் சேரும் என்று தெரியாது. 2008-ல் பிரான்ஸில் ஒரு தொழிற்சாலையில், இந்தியாவிலிருந்து போன லிப்ட் பட்டன்களில் கோபால்ட்-60 இருந்தது தெரியவந்தது. சுமார் 20 தொழிலாளர்களுக்குப் பொதுமக்களுக்கான வரம்பைத் தாண்டிய கதிர் பட்டிருந்தது. லிப்ட் பட்டன்! நாம் தினமும் நான்கு தடவை அமுக்குவது.

நாம் செய்ய வேண்டியது

அடுத்த மாதம் பேஸ்மென்ட் ஸ்டோர் ரூமைக் காலி செய்து பழைய இரும்புக் கடைக்குப் போடப் போகிறோம். பில்டர் விட்டுப்போனது, காலி செய்துபோனவர்கள் விட்டுப்போனது என்று எல்லாம் கிடக்கிறது. நான் எதிர்பார்ப்பது ஒன்றும் இல்லை. இருந்தாலும் மூன்று விஷயம்.

ஒன்று, அடையாளம். மஞ்சள் பின்னணியில் நடுவில் ஒரு புள்ளி, சுற்றி மின்விசிறி மாதிரி மூன்று இறக்கை. அதுதான் கதிரியக்கக் குறி. 2007-ல் இன்னொன்றும் வந்தது. சிவப்பு முக்கோணம், மேலே கதிர் அலைகள், கீழே மண்டை ஓடும் ஓடுகிற மனிதனும். படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்று வரைந்தது. இரண்டையும் அச்செடுத்து வாட்ச்மேன் அண்ணன் அறையிலும் ஸ்டோர் ரூம் கதவிலும் ஒட்டிவிடுகிறேன். சில பழைய புகை எச்சரிக்கைக் கருவிகளுக்குள்ளும் சிறிதளவு அமெரிசியம் இருக்கும், அடியில் இந்தக் குறி இருக்கும். மாட்டியிருக்கும் வரை ஆபத்து இல்லை. உடைக்கவோ எரிக்கவோ காயலான் கடைக்குப் போடவோ கூடாது, விற்ற நிறுவனத்திடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இரண்டு, சந்தேகமான பொருள். அளவுக்கு மீறிக் கனமான ஈயப் பெட்டியோ, குறி போட்ட உருளையோ கண்ணில் பட்டால் தொட வேண்டாம், திறக்க வேண்டாம், மீட்டரைத் தூக்கிக்கொண்டு கிட்டே போகவும் வேண்டாம். விலகி நில்லுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நான்கில் ஒரு பங்காகக் குறையும். நமக்குக் கிடைக்கும் மிக மலிவான பாதுகாப்பு அதுதான். பிறகு 112-க்கு அழைத்துச் சொல்லுங்கள்.

மூன்று, இந்த மீட்டர். தம்பி சம்மதித்தால் சங்க அலுவலகத்திலேயே இருக்கட்டும். ஸ்டோர் ரூம் சாமான் வெளியே போகும் நாளில் வாசலில் நான் அதை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். வழக்கமான 0.15, 0.2 என்று இருந்தால் லாரி போகட்டும். திடீரென்று பத்து மடங்கு, இருபது மடங்கு ஏறினால் எல்லோரும் விலகிக்கொண்டு போன் செய்வோம். இந்தக் கருவிக்குப் பொருத்தமான வேலை அது. அளவைத் துல்லியமாகச் சொல்ல அதால் முடியாது. ஆனால் "இங்கே ஏதோ இருக்கிறது" என்று சொல்ல முடியும்.

கடைசியாக அந்த ஸ்கேன். வயிற்று சி.டி.-யில் ஏறக்குறைய 5 முதல் 10 மில்லிசீவர்ட் வாங்குவோம். இயற்கையில் இரண்டு முதல் நான்கு வருடத்தில் வாங்குவதை ஒரே நாளில் வாங்குகிறோம். ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதனால்தான் தேவையில்லாமல் எடுக்கக் கூடாது. பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு என்றால் "வேறு வழி இருக்கிறதா டாக்டர்" என்று கேட்க வேண்டும். ஆனால் மெஷினை நிறுத்தியதும் கதிரும் நின்றுவிடும், உடம்பில் தங்காது. ஒரு நோயைத் தேடுவதற்காக டாக்டர் யோசித்து எழுதிக் கொடுத்த ஸ்கேனை எடுக்காமல் விடுவதில் இருக்கும் ஆபத்தை எந்த மீட்டரும் காட்டாது. அது நாள் தள்ளத் தள்ளக் கூடிக்கொண்டே போகும்.

அந்த அம்மா போன வாரம் போய் எடுத்துவிட்டார்கள். வாசல் வரை நானும் போயிருந்தேன். ரிப்போர்ட்டில் என்ன இருந்தது என்பது அவர்கள் வீட்டு விஷயம். மருந்து ஆரம்பித்துவிட்டார்கள், அது போதும்.

இப்போது தண்ணீர் லாரிக் கணக்குக்கு வழிவிடுகிறேன். அங்கேயும் ஒரு மீட்டர் இருக்கிறது. அது எங்கே பொருத்தியிருக்கிறது, எதை எண்ணுகிறது என்று முதலில் கேளுங்கள்.